கிழக்கே குழி கூடாது

உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்தப் பக்கம் ஓடும்? சட்டென்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் மேட்டுப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பள்ளத்தில் இருப்பவர்களை நடுவழியில் நிறுத்திக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கதையில் வரும் அக்காவின் அறை முதலில் பள்ளத்தில் இல்லை. பாடுபட்டு அதைப் பள்ளமாக்கினார்கள். அதற்குச் சிமெண்டும் ஜல்லியும் பச்சைப் பிளாஸ்டிக் புல்லும் தேவைப்பட்டன. ஒரு திசை பார்ப்பவரும் தேவைப்பட்டார்.

தம்பி வீட்டு முற்றத்தின் கிழக்கு ஓரத்தில், மதில் சுவரோடு சுவராக ஒரே ஓர் அறை. வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை அடுக்கப் போட்டது. வீடு முடிந்ததும் மூட்டைகள் போயின, அக்கா வந்தாள். மோட்டார் வைத்த தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, இஸ்திரிப் பெட்டி, சுவரை ஒட்டிய தாழ்வான அலமாரி, மூலையில் ஒரு கட்டில். கடையும் அதுதான், வீடும் அதுதான். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, சோபா உறை என்று எது வந்தாலும் தைப்பாள். தம்பியிடம் கை நீட்டாமல் அவள் சாப்பிட்டது அந்த அறையால்தான்.

அப்பா இறந்தபோது அவள் பள்ளி இறுதி வகுப்பில் முதல் ராங்க். அவளைவிடச் சின்னவனான தம்பி, பல வகுப்புக் கீழே, பெயிலாகி ஒரே வகுப்பில் இரண்டாவது தடவையாக உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்த மாமா ஒருவர், "யாராவது ஒருத்தர்தான் படிக்க முடியும்" என்று தீர்ப்புச் சொன்னார். யார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. முதல் ராங்க் தையல் மெஷினில் உட்கார்ந்தது. பெயில் பள்ளிக்கூடம் போனது, பிறகு காலேஜுக்கும் போனது.

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தம்பி படிப்பு முடியட்டும் என்றார்கள். முடிந்தது. தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்றார்கள். கிடைத்தது. உடனே தம்பிக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு அவளிடம் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "இந்த வயசிலயா?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அதற்காக அழுததாக யாருக்கும் நினைவில்லை. தைக்கிற துணியில் கண்ணீர் பட்டால் கறை பிடிக்கும்.

தம்பி இப்போது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். தெருவில் அவனுக்குக் கோச் என்று பட்டப்பெயர். வாழ்நாளில் ஒரு பந்தையும் அவன் உதைத்ததில்லை. டிவிக்கு முன்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லா அணிகளுக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுப்பான். "லெஃப்ட்ல குடுடா முட்டாள்!" என்று அவன் போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கிண்டலுக்கு வைத்த பெயரை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, விசிட்டிங் கார்டில் அச்சடிக்கலாமா என்றுகூட யோசித்தான். இப்படிப்பட்ட ஆட்களைக் கிண்டல் செய்வதுகூட வீண்வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அக்காவின் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, முன்னாடி இருக்கிற காலி இடம் முழுக்க டர்ஃப் போடப் போறேன். செயற்கைப் புல்லு. குட்டி ஃபுட்பால் கோர்ட். பையனைப் பெரிய பிளேயர் ஆக்கிக் காட்டுறேன் பாரு."

"அவன் ஒரு நாளும் பந்து வேணும்னு கேட்டதில்லையேடா."

"நீ தைக்கிறவ. உனக்கு ஸ்போர்ட்ஸைப் பத்தி என்ன தெரியும்?"

பந்தையும் யாரோ தைத்துத்தான் கொடுக்கிறார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அக்கா அதை விழுங்கிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் திரும்பினாள். மருமகன் அந்த நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் அளவில் அவன் நல்ல ஆட்டக்காரன்தான்.

அடுத்த வாரம் டர்ஃப்காரர் வந்தார். தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். "தெருச் சாக்கடை மேற்குப் பக்கம் இருக்கு சார். தரையும் அந்தப் பக்கந்தான் சரிஞ்சிருக்கு. அப்படியே சரிவு குடுத்து ஓரத்துல ஒரு கால்வாய் எடுத்துட்டா, எவ்வளவு மழை பெஞ்சாலும் தண்ணி நிக்காது."

இவ்வளவுதான் விஷயம். இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை.

ஆனால் கோச் படித்தவன். படித்தவன் நிபுணரைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டான். அவன் காரில் கூட்டி வந்த நிபுணர், திசை பார்ப்பவர். முன்பு நிலத் தரகராக இருந்தவர். விற்காத மனைகளை விற்பதற்காகச் சொல்லிப் பழகிய பொய்களெல்லாம் வீணாகப் போகக்கூடாதே என்று இந்தத் தொழிலுக்கு மாறினார். கழுத்துச் சங்கிலியில் ஒரு திசைகாட்டி தொங்கியது. கடலில் வழிதவறிச் சாகாமல் இருக்க மாலுமிகள் உயிரைப்போல வைத்திருந்த கருவி அது. இந்த மனிதர் அதை வைத்துக்கொண்டு கக்கூஸ் எந்தப் பக்கம் இருந்தால் பிரமோஷன் வரும் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் முற்றத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினார். கோச்சும் மூடினான். டர்ஃப்காரர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தண்ணி மேற்கே போகக்கூடாது" என்றார் திசை பார்ப்பவர், கண்ணைத் திறந்து. "சம்பாத்தியம் பூரா அதோட போயிடும். சூரியன் உதிக்கிற பக்கம்தான் போகணும்."

"அப்ப மேற்குப் பக்கத்தை மேடாக்கணும் சார். நிறைய கான்கிரீட் போகும்" என்றார் டர்ஃப்காரர்.

"போகட்டும்" என்றான் கோச்.

"சரி சார். கிழக்கு ஓரத்துல கால்வாய் எடுத்து, குழாய் போட்டு, சுத்தி வளைச்சு வெளிய கொண்டு போயிடலாம்."

திசை பார்ப்பவர் காதில் ஏதோ கெட்ட வார்த்தை விழுந்ததுபோல முகத்தைச் சுளித்தார். "கிழக்கே குழியா? கிழக்கே குழி கூடாது! வாரிசுக்கு ஆகாது."

அக்கா தன் அறை வாசலில் நின்று, கழுத்தில் அளவு நாடாவோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க மதில் சுவர். சுவரில்லாத ஒரே இடைவெளி அவளுடைய கதவு.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள். "தண்ணி கிழக்கே வரணும். ஆனா கிழக்கே குழி கூடாது. அப்ப வந்த தண்ணி எங்க போகும்?"

"தண்ணிக்குத் தன் வழி தெரியும்மா."

"தெரியும் ஐயா. அந்த வழியிலதான் நான் கட்டில் போட்டுப் படுத்திருக்கேன்."

டர்ஃப்காரர் சிரிப்பை அடக்க இருமினார். கோச்சுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெரியவங்ககிட்ட எதிர்க்கேள்வி கேக்காத அக்கா. உள்ள போய் வேலையைப் பாரு." அந்தப் பெரியவர் அக்காவைவிட வயதில் சிறியவர். ஆனால் சங்கிலியில் கருவியைத் தொங்கவிட்டவர்களுக்கு வயது சீக்கிரம் ஏறிவிடும்.

டர்ஃப்காரரை அவள் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். "எனக்கு சார் என்ன சொல்றாரோ அதுதாங்க்கா." உண்மை தெரிந்திருந்தும் தோளைக் குலுக்குகிறவர்களால்தான் திசை பார்ப்பவர்கள் வயிறு வளர்க்கிறார்கள். நம்புகிற மடையர்களை மட்டும் நம்பி அந்தத் தொழில் ஒரு மாதம் ஓடாது.

வேலை தொடங்கியது. மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி, அதிரும் இயந்திரத்தால் இடித்து இறுக்கினார்கள். அக்காவின் மேசையில் இருந்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து விழுந்தது. மேற்கே உயர்த்தி, கிழக்கே தாழ்த்தி, கான்கிரீட் போட்டார்கள். அது காய்ந்த அன்று அக்கா ஒரு வாளித் தண்ணீரை மேற்கு ஓரத்தில் ஊற்றினாள். தண்ணீர் தயங்கவில்லை. நாய்க்குட்டி எஜமானி வீட்டைத் தேடி ஓடுவதுபோல நேரே வந்து அவள் வாசற்படியை நக்கியது.

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மழைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றான்.

"மழை வராமலே போயிடுமா?"

"துணியையெல்லாம் மேல தூக்கி வை. எல்லாத்துக்கும் நான்தான் வழி சொல்லணுமா?"

"என்னைத் தூக்கி எங்கடா வைக்கிறது?"

அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு புல் வந்தது. சுருட்டிய ஜமுக்காளங்களைப்போலப் பெரிய பெரிய உருளைகள். அவற்றை விரித்து, ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டி, நார்களுக்கு நடுவே மணலையும் கறுப்பு ரப்பர் துகளையும் தூவி, துடைப்பத்தால் தேய்த்து இறக்கினார்கள். சுற்றிலும் வலை கட்டினார்கள். அக்காவின் அறைக்கு வர இருந்த பக்கவாட்டுக் கேட் வலைக்குள் போய்விட்டது. அதனால் அக்காவிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் கோர்ட்டைக் கடந்துதான் வரவேண்டும். கோச் ஒரு பலகை மாட்டினான்: 'காலணியுடன் மிதிக்காதீர்.' பகல் வெயிலில் பிளாஸ்டிக் புல் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. மகளுக்குச் சீருடை தைக்க வந்த ஒரு தாய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, துள்ளித் துள்ளி ஓடி வந்தாள்.

"என்னக்கா இது, உங்ககிட்ட வர்றதுக்குத் தீ மிதிக்கணும்போல இருக்கே?"

"என் தம்பி பையனைப் பெரிய ஆளாக்குறான்மா. நாமதான் ஆடிக்கிட்டிருக்கோம்."

கோர்ட்டில் அதுவரை ஆடியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, தம்பி அலுவலகத்தில் இருந்த நேரத்தில், அக்கா மிச்சம் கிடந்த செங்கல்லையும் சிமெண்டையும் எடுத்தாள். தன் கதவு நிலையை அடைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டினாள். கோணலாகத்தான் வந்தது. அவள் கொத்தனார் இல்லை. உள்ளே போக, வெளியே வரத் தாண்ட வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தைத்தாள். கோச் அதைக் கவனிக்கவில்லை. கோர்ட்டை அவன் மாடி பால்கனியிலிருந்து மட்டும்தான் பார்ப்பான். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை.

விழா அன்று கோச்சின் பெரிய மேனேஜர் மனைவியோடு வந்தார். அக்கம்பக்கத்தார், அலுவலகக்காரர்கள், திசை பார்ப்பவர், டர்ஃப்காரர் எல்லோரும் கூடினார்கள். பலகையைப் பார்த்துவிட்டுப் பெரிய மேனேஜர் மரியாதையாக ஷூவைக் கழற்றினார். புல்லில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறு காலை வைத்தார், அதையும் எடுத்தார். முன்பின் ஆடியறியாத மனிதர் நாலு பேர் முன்னால் நாட்டியம் ஆடினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வலைக்கு வெளியே நின்றுவிட்டார்.

"டேய், ஹோஸை எடுத்துட்டு வா! புல்லைக் குளிர வை!" என்று கோச் மகனிடம் கத்தினான்.

மகன் ஹோஸை எடுத்தான். மேற்கு ஓரத்தில் திறந்து போட்டான். பிறகு நிழலில் உட்கார்ந்து செல்போனை எடுத்துக்கொண்டான். மாடித் தொட்டி முழுவதும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கோச் வரவேற்புரை ஆற்றினான். திசை பார்ப்பவர் இந்த வீட்டு நீரோட்டம் எப்படி வம்சத்தையே உயர்த்தப் போகிறது என்று விளக்கினார். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் அவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கினார்.

பெரிய மேனேஜர் பந்தை உதைத்தார். பந்து கிழக்குக் கோலை நோக்கி உருண்டது. அங்கே போனதும் உருளவில்லை. மிதந்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். கிழக்கு ஓரத்தில் புல் கொப்புளம்போல உப்பி நின்றது. ஒட்டுப்போட்ட இடம் பிரிந்து வாயைத் திறந்திருந்தது. கறுப்புத் துகள் மொத்தமும் தண்ணீரில் மிதந்து வந்து வெறும் கால்களில் ஒட்டிக்கொண்டது. பந்து அக்காவின் தடுப்பில் மெல்ல முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது.

"அக்கா கதவுல கட்டு கட்டியிருக்காங்க சார். தண்ணி போக வழியில்ல" என்றார் டர்ஃப்காரர்.

"அதானே பார்த்தேன்!" என்றார் திசை பார்ப்பவர். அவருக்குப் போன உயிர் வந்தது. "ஓட்டத்தை மறிச்சுட்டாங்க. தோஷமே அதுதான்."

கோச் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றான். "யாரைக் கேட்டுக் கட்டின?"

"உன்னைத்தான் கேட்டேன். உனக்குக் காது கேக்கல."

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கணும்னே பண்ணியிருக்க."

"தண்ணியை நான் ஊத்தலடா."

டர்ஃப்காரர் வேலை முடிந்து ஓரத்தில் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை அவன் எடுத்தான். அப்போதுதான் அக்காவின் குரல் இறங்கியது. "இருடா. உள்ள பிள்ளைங்க யூனிஃபார்ம் அடுக்கி வச்சிருக்கேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கணும். கொஞ்ச நேரம் குடு. எடுத்து மேசை மேல வச்சிடுறேன். அப்புறம் இடிச்சுக்கோ."

"சார் காத்துக்கிட்டு இருக்கார்."

"கொஞ்ச நேரம்டா தம்பி."

பெரிய மேனேஜர் ஈரக் காலை உதறிக்கொண்டிருந்தார். "நான் காத்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பேரில் ஒருவர் கோச்சின் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அடுத்த வீட்டு விவகாரம் என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த நாகரிகம் அன்று வலைக்குள் நெருக்கியடித்து நின்றது.

வாழ்நாளில் பந்தை உதைக்காதவன், கடப்பாரையை நன்றாகவே வீசினான். செங்கல் சரிந்தது. கோர்ட்டில் நின்ற தண்ணீர், மணலும் ரப்பர் துகளுமாக, அவன் அக்காவின் அறைக்குள் புகுந்தது. தாழ்வான அலமாரியின் கீழ்த் தட்டில் வெள்ளைச் சட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவை வெள்ளையாக இல்லை.

கோர்ட் வற்றியது. யாரோ கைதட்டினார். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

தம்பி மனைவி மட்டும் நல்ல புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அறைக்குள் வந்தாள். "அண்ணி, இதைப் பிடிங்க, அந்தச் சட்டைக் கட்டை நான் எடுக்கிறேன்." சட்டைகளை வாரி மேசைமேல் போட்டாள். போடும்போதெல்லாம் புருஷன் பார்க்கிறானா என்று வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் நல்ல காரியத்தைக்கூடத் திருட்டுத்தனமாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

"நீ போம்மா. உன்னைத் தேடுவான்" என்றாள் அக்கா.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"நீ எதுக்குக் கேக்கிற? கடப்பாரை உன் கையிலயா இருந்துச்சு?"

அக்கா மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினாள். சட்டைகளைத் துவைத்தாள், மறுபடி துவைத்தாள். கறை போகாதவற்றுக்குப் பதில் புதுத் துணி வாங்கித் தைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. அவள் தொழிலில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே அடுத்த தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை பார்த்தாள். துணி கொடுக்கும் பெண்கள் சிலர் சேர்ந்து மெஷினைத் தூக்கிக்கொண்டார்கள். அக்கா செருப்போடு கோர்ட்டின் நடுவில் நடந்து போனாள். பால்கனியிலிருந்து கோச் கத்தினான்: "அக்கா, செருப்பு! பலகையில எழுதியிருக்கில்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "படிச்சேன்டா. உன்னைவிட நல்லாவே படிச்சேன்."

மழைக்காலம் வந்தது. காலி அறையில் தண்ணீர் கட்டி நின்று, மதில் சுவர் ஊறி, புல்லின் கிழக்குப் பாதி நிஜப் பாசியால் பச்சையாகிவிட்டது. திசை பார்ப்பவர் மறுபடி வந்தார். வீட்டின் மூத்த பெண் கோபித்துக்கொண்டு போனதால் வந்த தோஷம் என்று சொல்லி, பரிகாரமும் சொல்லி, போனார். மகன் இன்னும் மாடிப்படியில்தான் ஆடுகிறான். போன மாதம் கோச் மனைவியிடம் சொல்லி அனுப்பினான், மகனுக்கு ஒரு ஜெர்ஸி தைக்க வேண்டுமாம்.

"அளவெடுக்க இங்க வரச்சொல்லு" என்றாள் அக்கா. "மாடி ஏறி வரணும். தண்ணி ஏறாத இடம்னு பார்த்துதான் பிடிச்சிருக்கேன்."

சைக்கிள் கடை மாடி உயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் எத்தனை முற்றங்கள், எத்தனை மூலை அறைகள்! எல்லோருக்கும் சைக்கிள் கடை மாடி கிடைப்பதில்லை. அதனால், இதைப் படித்து முடித்ததும் எழுந்திருங்கள். ஒரு குடம் தண்ணீரை எடுத்து உங்கள் முற்றத்தில் கவிழ்த்துப் பாருங்கள். அது யாருடைய கதவை நோக்கி ஓடுகிறது என்று கூடவே நடந்து போய்ப் பாருங்கள். பிறகு அந்தக் கதவுக்கு முன்னால், யாரிடமும் திசை கேட்காமல், ஒரு கால்வாய் வெட்டுங்கள்.